அலுமாரியில் கிடந்த ஆபிரிக்க வெண்ணெய்

மருமகன் கட்டாரிலிருந்து வந்தபோது மாமிக்கென்று ஒரு டப்பா கொண்டு வந்தார். உறைந்த நெய் போல, இளமஞ்சள் நிறம், வறுத்த கொட்டையின் வாசம். மூடியில் ‘ஷியா பட்டர்’ என்றிருந்தது. (ஷீஆக்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆபிரிக்க மரமொன்றின் பெயர் அது.)

என் மனைவிக்குப் பல வருடமாகக் குதிகாலில் பித்தவெடிப்பு. தொழுத பாயில் இரத்தம் பட்ட நாட்களும் உண்டு. அவள் அதைப் பூசிய முதல் நாளே நான், “மெழுகு மாதிரி இருக்கே, வுழூச் செய்யும்போது தண்ணீர் தோலில் படுமா?” என்று கேட்டுவிட்டேன். அவள் மறுபேச்சில்லாமல் டப்பாவை அலுமாரியில் வைத்துவிட்டாள். மூன்று மாதம் அங்கேயே கிடந்தது.

பிறகொரு நாள் மத்ரஸாவில் இப்னு பதூதாவின் பயண நூல் பாடம். 1344இல் நமது ஸரந்தீபுக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறியவர், 1352இல் சஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்குப் போனார். அங்கே ‘கர்தீ’ என்ற பழத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் எண்ணெயைச் சமையலுக்கும் விளக்குக்கும் பாவிக்கிறார்கள், உடம்பிலும் பூசுகிறார்கள் என்று எழுதுகிறார். அது இந்த ஷியாதான் என்பது ஆய்வாளர் கருத்து. எனக்குச் சுருக்கென்றது. மாலியின் முஸ்லிம்கள் இதைப் பூசிக்கொண்டுதானே தொழுதிருப்பார்கள்?

அன்றிரவே இமாம் நவவியின் அல்மஜ்மூஃவைப் புரட்டினேன். மெழுகு, மாவு போலப் படிந்து தண்ணீரைத் தடுப்பதை நீக்க வேண்டும். உருகிய எண்ணெயின் பசை மட்டும் இருந்து, தண்ணீர் தோலில் பட்டு ஓடினால், அது தங்காவிட்டாலும் வுழூ கூடும். ஷியா வெண்ணெயோ உடல் சூட்டிலேயே உருகக்கூடியது. ஆகவே, சகோதரிகளே, இஷாவுக்குப் பின் காலைக் கழுவி, ஈரம் காயுமுன் கொஞ்சமாக எடுத்துத் தேயுங்கள். அது ஈரத்தைத் தோலுக்குள் பிடித்து வைக்கும். வெடிப்புக்குள் கட்டியாக நின்றால் சுபஹுக்கு முன் துடைத்துவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்களின் ஆழமான வெடிப்பை டொக்டரிடம்தான் காட்ட வேண்டும்.

கானா, புர்கினா ஃபாஸோ, மாலிப் பக்கத்து வெண்ணெய் கெட்டியானது. உகண்டா, தென்சூடான் பக்கத்து ‘நிலோட்டிக்கா’ வகை இளக்கமானது. தூய வெள்ளையாக, வாசமில்லாமல் இருந்தால் சுத்திகரித்தது. கொக்கோ வெண்ணெய் இவற்றைவிடக் கடினம். ஷியா எடுப்பது அங்கே பெண்களின் வேலை. விழுந்த பழங்களைப் பொறுக்கி, கொட்டையை அவித்து, காயவைத்து, உடைத்து, வறுத்து, அரைத்து, தண்ணீர் விட்டு வெண்ணெய் திரண்டு மிதக்கும்வரை கையாலேயே பிசைவார்கள். தோள் கழன்றுவிடும் வேலை.

டப்பாவை எடுத்துக் கொடுத்து, கிதாபில் உள்ளதையும் சொன்னேன். “மூணு மாசத்துக்கு முந்தியே அந்தக் கிதாபைப் பார்த்திருக்கலாமே நீங்க” என்றாள்.

இப்போது டப்பா பாதிக்கு வந்துவிட்டது. அடுத்ததற்கு மருமகனிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.