முடிவு தெரிந்த கதை

வீட்டில் ஏதாவது சிக்கல் என்றால், பெண்ணுக்கு வரன் தள்ளிப்போனாலும் சரி, கோர்ட்டில் வழக்கு இழுத்தாலும் சரி, "சுந்தர காண்டம் படியேன்" என்று சொல்ல ஒரு பெரியம்மா இருப்பார். ராமாயணத்தில் சந்தோஷமான இடங்களுக்கா குறைச்சல்? கல்யாணம் பால காண்டத்தில் இருக்கிறது. பட்டாபிஷேகம் யுத்த காண்டத்தின் கடைசியில். அதையெல்லாம் விட்டுவிட்டு இதை ஏன் படிக்கச் சொன்னார்கள்? வால்மீகியில் இந்தக் காண்டத்துக்கு 68 சர்க்கங்கள். அத்தனையையும் படித்து முடித்தாலும் சீதை அசோக வனத்தில்தான் இருக்கிறாள். போர் தொடங்கக்கூட இல்லை. ஊரை எரித்த ஆர்ப்பாட்டத்தை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் நடந்திருப்பது இவ்வளவுதான்: ஒருவன் போய் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, பார்த்தேன், உயிரோடு இருக்கிறாள் என்று சொல்கிறான்.

இது எவ்வளவு பெரிய சேதி என்பது ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்.

சித்தப்பாவுக்கு மதுரையில் பைபாஸ் நடந்தபோது சித்திக்குத் துணையாக நான் இருந்தேன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்புறம் கிட்னி முரண்டு பிடித்ததில் ஐ.சி.யூ. வாசம் நீண்டுகொண்டே போனது. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, ஒரே ஒருவர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்க்கலாம். மற்ற நேரமெல்லாம் வெளியே, வரிசையாகப் பிணைத்துப் போட்ட ஸ்டீல் நாற்காலிகள். அந்தக் கதவு திறக்கும்போதெல்லாம் வரிசை மொத்தமும் நிமிர்ந்து உட்காரும். சிஸ்டர் மருந்துச் சீட்டை நீட்டி ஒரு பெயரைச் சொல்வார். அந்தப் பெயருக்கு உரியவர் பார்மசிக்கு ஓடுவார். மற்றவர்கள் மறுபடி சாய்ந்துகொள்வார்கள்.

இந்த வரிசையில் யார் யார் என்ன படிக்கிறார்கள் என்று கவனிப்பதே எனக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. பக்கத்தில் ஒரு இளைஞர். தடிமனான த்ரில்லர் ஒன்றைக் கையில் வைத்திருந்தார். பஸ் டிக்கெட்டை அடையாளத்துக்குச் செருகியிருந்தார். அந்த டிக்கெட் இடம் மாறவே இல்லை. நேரம் போக வேண்டுமே என்று விறுவிறுப்பான புத்தகமாகத் தேடி எடுத்து வந்திருப்பார். ஆனால் ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பவரிடம், இன்னொரு கதவுக்குப் பின்னால் கத்தியோடு ஆள் நிற்கிறானா இல்லையா என்று கேட்டால் அவர் என்ன செய்வார்? ஒரு நேரத்தில் ஒரு தவிப்புதான் தாங்கும்.

நிஜமாகவே படித்துக்கொண்டிருந்தவர்கள் வேறு மாதிரி. எதிர் வரிசையில் ஒரு அம்மா, உள்ளங்கையளவு கந்த சஷ்டி கவசம் வைத்திருந்தார். தூணோரமாக ஒரு பாட்டி, மகனுக்காக யாசீன் ஓதிக்கொண்டிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பைபிளில் சங்கீதம் 91-ஐத் திறந்து மடியில் வைத்திருப்பார். மூன்று பேருக்குமே அது மனப்பாடம். கண் கதவின் மேல் இருக்கும். உதடு தப்பாமல் அடுத்த வரிக்குப் போகும். பிறகு புத்தகம் எதற்கு என்றால், கைக்கும் ஒரு பிடிமானம் வேண்டியிருக்கிறது. இதைப் பக்தி என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. அடுத்து என்ன வரும் என்று சந்தேகமே இல்லாத ஏதோ ஒன்று அந்த இடத்தில் வேண்டும், அவர்களிடம் அது இருந்தது.

நான் படித்தது லேப் ரிப்போர்ட். ஆஸ்பத்திரியில் படிக்கக் கிடைப்பவற்றில் இதைவிட மோசமான இலக்கியம் கிடையாது. இடது பக்கம் சோதனையின் பெயர், நடுவில் நம் ஆளின் எண், வலது பக்கம் இருக்க வேண்டிய அளவு. அளவு மீறியதையெல்லாம் கறுப்பாக, தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். கிரியேட்டினின் தடித்த எழுத்தில் இருந்தது. நேற்று 2.4, இன்று 2.6. இந்த 0.2-க்கு என்ன அர்த்தம் என்று செல்போனில் தேடினால் பத்தாவது வரியில் டயாலிசிஸ் வந்துவிடுகிறது. ஜெரோம் கே. ஜெரோம் 1889-லேயே இதை எழுதிவிட்டார். 'த்ரீ மென் இன் எ போட்' நாவலின் தொடக்கத்தில் ஒருவன் மருத்துவப் புத்தகத்தைப் புரட்டி, அதில் உள்ள வியாதிகளில் ஒன்றே ஒன்றைத் தவிர அத்தனையும் தனக்கு இருப்பதாகக் கண்டுபிடிப்பான். அவனாவது அதற்கு பிரிட்டிஷ் மியூசியம் வரை போக வேண்டியிருந்தது.

நம் கஷ்டத்தைப் போலவே கஷ்டம் உள்ள கதையைப் படித்தால் ஆறுதல் என்றும் ஒரு கட்சி உண்டு. அதற்குப் பெரிய சாட்சி மகாபாரதத்திலேயே இருக்கிறது. சூதில் நாட்டைத் தோற்றுக் காட்டுக்கு வந்த தருமன், என்னைவிடத் துர்பாக்கியசாலியான அரசன் எவனாவது உண்டா என்று பிருகதசுவ முனிவரிடம் கேட்கிறான். முனிவர் தத்துவம் பேசாமல் நளன் கதையை எடுக்கிறார். நளனும் சூதில் தோற்றவன், காட்டுக்குப் போனவன். நடுராத்திரியில் மனைவியையும் விட்டுப் போனவன். உனக்குத் தம்பிகளாவது கூட இருக்கிறார்களே என்பது முனிவரின் கணக்கு. புகழேந்தி அந்தக் கதையை நளவெண்பாவாகப் பாடினார். ஏழரைச் சனி நடக்கிறவர்கள் அதைப் படிக்கிற வழக்கம் இன்றும் இருக்கிறது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தருமன் நளன் கதையைக் கேட்டபோது சூதாட்டம் முடிந்துவிட்டது. நாடு போனது போனதுதான். அதில் சந்தேகம் இல்லை. பகடை உருண்டுகொண்டிருக்கும்போது முனிவர் வந்து இந்தக் கதையை ஆரம்பித்திருந்தால் பீமன் அவரைத் தூக்கி வெளியே விட்டிருப்பான். இழந்த பிறகு படிக்க ஏற்றது வேறு, காத்திருக்கும்போது படிக்க ஏற்றது வேறு. நல்லெண்ணத்தோடு புத்தகம் கொண்டுவந்து தருகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. எங்களைப் பார்க்க வந்த ஒருவர், இதய நோயை வென்ற ஒரு தொழிலதிபரின் தன்னம்பிக்கைப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பிளாஸ்கை அதன்மேல் வைத்துக்கொண்டோம்.

காத்திருந்து படித்தவர் என்றால் எனக்கு கிப்ளிங் நினைவுதான் வரும். நமக்கு அவர் 'ஜங்கிள் புக்' எழுதிய வெள்ளைக்காரர், ஏகாதிபத்தியத்துக்குக் கொடி பிடித்தவர். அந்தக் கொடியை நம்பித்தான், கண்பார்வை போதாது என்று ராணுவம் தள்ளிய ஒரே மகன் ஜானை, ஆள்பிடித்து ஐரிஷ் கார்ட்ஸ் படையில் சேர்த்துவிட்டார். 1915 செப்டம்பரில் பிரான்சில் லூஸ் போர்க்களத்தில் ஜானைக் காணவில்லை. வயது 18. செத்துப்போனான் என்று தகவல் வந்திருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். காயம், காணவில்லை என்றுதான் வந்தது. அந்தப் படையிலிருந்து திரும்பிய சிப்பாய்களைக் கணவனும் மனைவியும் தேடித்தேடி விசாரித்தார்கள். 1936-இல் கிப்ளிங் சாகும்வரை உடல் அடையாளம் காணப்படவே இல்லை. அந்தப் போர்க்காலத்தில் மனைவிக்கும் மகளுக்கும் அவர் சத்தமாக வாசித்துக் காட்டியது ஜேன் ஆஸ்டின் நாவல்களை. நூறு வருஷத்துக்கு முந்தைய கிராமத்து மாளிகைகள், யாருக்கு யாரோடு கல்யாணம் என்பதைத் தாண்டி ஆபத்தே இல்லாத உலகம். அந்தக் கல்யாணமும் கடைசியில் நடந்தே தீரும். பீரங்கிப் படைச் சிப்பாய்கள் சிலர் ஆஸ்டின் பித்துப் பிடித்து அலைவதை வைத்து 'தி ஜேனைட்ஸ்' என்று 1924-இல் ஒரு கதையும் எழுதினார்.

நம் ஊரில் இந்த வேலைக்கு எதை எடுப்பது? பலரும் 'பொன்னியின் செல்வன்' என்பார்கள். அதை நான் ஆஸ்பத்திரிக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். ஐந்து பாகம், ஒற்றைக் கையில் நிற்காது என்பது ஒரு காரணம். 1950-இலிருந்து வாரா வாரம் வந்த தொடர் என்பதால் கல்கி ஒவ்வொரு அத்தியாயத்தையும் நம்மைத் தொங்கவிட்டேதான் முடிக்கிறார். போதாததற்கு, எத்தனை தடவை படித்தாலும் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று நிச்சயமாகத் தெரியப்போவதில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது தேவனின் 'துப்பறியும் சாம்பு'. தங்கை வீட்டிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். சித்தி புத்தகம் படிக்கிறவர் இல்லை. "அந்த மூக்கு நீளமானவன் கதைதானே? படி, கேக்குறேன்" என்றார். துப்பறியும் கதைதான், ஆனாலும் இதில் திகில் கிடையாது. சாம்பு உளறுவான், தவறான இடத்தில் நுழைவான், அந்த உளறலே குற்றவாளியைப் பிடித்துக் கொடுக்கும், இன்ஸ்பெக்டர் கோபாலன் அசந்துபோவார். எல்லாக் கதையும் இப்படித்தான் என்று முதல் கதையிலேயே தெரிந்துவிடும். நடுவில் கதவு திறந்தால் விரலை வைத்து மூடிவிட்டு எழுந்து போகலாம். திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடக்கூட வேண்டாம். நாலாவது கதையில் சித்தி சத்தமாகச் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சுற்றும் முற்றும் பார்த்தார். கவசம் படித்துக்கொண்டிருந்த அம்மா, "கொஞ்சம் சத்தமாப் படிங்க தம்பி, இங்க கேக்கலை" என்றார்.

கிரியேட்டினின் இறங்கி, சித்தப்பா வார்டுக்கு வந்ததும் முதலில் கேட்டது கண்ணாடி; அடுத்தது பேப்பர். அன்றைய பேப்பரை நீட்டினேன். வேண்டாமாம், படுத்திருந்த நாட்களில் வந்ததையெல்லாம் வீட்டிலிருந்து தேதி வாரியாக அடுக்கிக் கொண்டுவர வேண்டுமாம். கொண்டுவந்தேன். அதற்குள் ஒரு டெஸ்ட் மேட்ச் தொடங்கி முடிந்தே போயிருந்தது.

"ரிசல்ட் சொல்லட்டுமா சித்தப்பா?"

"அதெல்லாம் வார்டு பையன் சொல்லிட்டான்டா. நீ முதல் நாள் பேப்பரை எடு."