அள்ளியும் கிள்ளியும்

ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகள். முகம், குரல், நடை எல்லாம் ஒன்றே. ஆனால், இளையவன் ஒரு கிலோ. அடுத்தவன் 207 கிலோ. மூத்தவனோ யானையைப்போல் 3,477 கிலோ! நம்ப முடிகிறதா? இயற்கையின் வீட்டில் இதுதான் நிலை. எலக்ட்ரான், மியுவான், டௌ ஆகிய மூன்றுக்கும் மின்னூட்டம் ஒன்றே. நிறையில்தான் இத்தனை ஏற்றத்தாழ்வு. 1995-இல் கண்டறியப்பட்ட டாப் குவார்க், எலக்ட்ரானைவிட மூன்று இலட்சம் மடங்குக்கும் மேல் கனமானது.

இவற்றுக்கு நிறை தருவது ஹிக்ஸ் புலம். அதன் துகள் 2012-இல் செர்ன் ஆய்வுக்கூடத்தில் அகப்பட்டது. ஆனால், ஒருவனுக்கு அள்ளியும் மற்றவனுக்குக் கிள்ளியும் கொடுப்பது ஏன்? அதற்கு விடை கிடைக்கவில்லை.

அந்த விடையைத் தேடும் கோட்பாடு ஒன்றையே என் இறுதியாண்டு ஆய்வேட்டுக்கு எடுத்துக்கொண்டேன். புரோட்டான் குவார்க்குகளால் ஆனதுபோல, ஹிக்ஸும் நுண்ணிய கூறுகளால் ஆன கூட்டுத் துகளாக இருக்கலாம் என்று 1984-இல் டேவிட் கேப்லனும் ஹோவர்ட் ஜார்ஜியும் எழுதினர். அந்தக் கூட்டு உலகோடு நன்கு கலக்கும் துகள் கனக்கிறது. தொட்டும் தொடாமலும் நிற்பது இலேசாகிறது. தொடக்கத்தில் உள்ள சிறு வேறுபாடுகூட கூட்டு வட்டிபோல் வளர்ந்து மலைக்கும் மடுவுக்குமான இடைவெளியாகிவிடும்.

இங்கேதான் சிக்கல். கலப்பு வந்தால் ஆள்மாறாட்டமும் வரலாம். மியுவான் ஒளியை உமிழ்ந்து எலக்ட்ரானாக மாறக்கூடும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிலையத்தில் தேடினார்கள். 2 டிரில்லியன் மியுவான்களில் ஒன்றுகூட அப்படி மாறுவதில்லை என்பது 2016-இல் வெளியான முடிவு. ஆகவே, ஒரு வேலி வேண்டும். துகள் வகைகளைச் ‘சுவை’ என்பது இயற்பியலாளர் வழக்கம். அந்த வேலியின் பெயர் சுவைச் சமச்சீர்மை. எடை வேறுபடப் பிள்ளைகளை வேறுபடுத்த வேண்டும். ஆள்மாறாட்டத்தைத் தடுக்கச் சமமாக நடத்த வேண்டும். இரண்டையும் ஒருசேரக் காப்பதுதான் பெரும்பாடு.

“இதைப் படித்து என்ன பயன்?” என்கிறார்கள் உறவினர்கள். எலக்ட்ரான் மியுவான் அளவு கனத்திருந்தால் அணு ஏறக்குறைய 200 மடங்கு சுருங்கியிருக்கும். நாம் காணும் உலகம் இவ்வடிவில் இருந்திராது. அதன் காரணத்தைத் தேடுவது வீண் வேலையா?

அப்பா லாரி ஓட்டுகிறார். நான் வேலைக்குப் போவேன் என்று வீடு காத்திருக்கிறது. இக்கோட்பாடு சொல்லும் கனத்த புதுத்துகள்களோ செர்னில் இதுவரை தென்படவில்லை. கோட்பாடே பொய்த்துப்போகவும் கூடும். ஆயினும், முதுகலைக்கு விண்ணப்பித்துவிட்டேன். மாலையில் டியூஷன் எடுத்து வீட்டுச் செலவுக்குத் தருவதாகச் சொன்னேன். “ரெண்டு வருசந்தானே, பாத்துக்கலாம்” என்றார் அப்பா. அந்த இரண்டு ஆண்டுகளில், மியுவான் ஏன் வேலி தாண்டுவதில்லை என்று கொஞ்சமாவது தெரிந்துகொள்வேன்.