பெட்டியைப் பிரித்து வை, கண்ணு

என் பேத்தி வரும் செப்டம்பரில் ஜெர்மனிக்குப் போகிறாள். இங்கே சேர்ந்த படிப்பு அப்படியே இருக்க, நடுவில் ஒரு பருவம் மட்டும் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுத் திரும்பும் பரிமாற்ற மாணவர் திட்டம். "ஆறு மாசந்தானே தாத்தா, கண்ண மூடித் தெறக்கறதுக்குள்ள வந்துருவேன்" என்கிறாள். நாலு வருஷம் தங்கிப் படிக்கப் போகிற பிள்ளைக்காக நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். வேறு வழியில்லாமல் அந்த ஊர் பழகிவிடும். கொஞ்ச காலத்துக்குப் போகிறவர்கள்தான் ஒரு கால் அங்கேயும் ஒரு கால் இங்கேயுமாக நின்று, இரண்டு ஊரிலும் இல்லாமல் போகிறார்கள்.

இதை நான் விடுதியில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஏற்காடு உறைவிடப் பள்ளிகளின் ஊர். மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917-இல் தொடங்கியது. அதற்கு முன்பே பெண் பிள்ளைகளுக்குக் கன்னியர் நடத்திய பள்ளி இருந்தது. இங்கே ஒரு விடுதியில் நெடுங்காலம் காப்பாளராக இருந்தவன் நான். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் வயிற்றைப் புரட்டிக்கொண்டு வந்து இறங்கும் புதுப் பிள்ளைகளை ஒவ்வொரு ஜூனிலும் வரவேற்றிருக்கிறேன். அன்று சாயங்காலமே துணிமணியை எடுத்து அலமாரியில் அடுக்கிய பிள்ளை சீக்கிரம் பழகிவிடும். டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, காலையில் ஒரு சட்டை, மாலையில் ஒரு சட்டை என்று உருவிக்கொண்டிருக்கும் பிள்ளை தீபாவளி வரை ஜன்னலோரம்தான் நிற்கும். அதனால் பேத்திக்கு முதலில் சொன்னது இதுதான்: போன அன்று ராத்திரியே பெட்டியைக் காலி பண்ணி, கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடு, கண்ணு.

அடுத்த வேலை காகிதம். குடிபோன 2 வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது ஜெர்மனியின் சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். தபால் பெட்டியில் உன் பெயரை ஒட்டிவிடு. பெயர் இல்லாவிட்டால் வங்கி அனுப்பும் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். என்னிடம்தான் டிவி இல்லையே என்று கசக்கிப் போட்டுவிடாதே. வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு அது. கூட இருப்பவர்களோடு பங்கு போட்டுக் கட்டு. இதெல்லாம் போய்வந்த பிள்ளைகள் என்னிடம் உட்கார்ந்து சொன்னவை.

அவர்கள் எல்லோரும் சொன்ன இன்னொன்றும் உண்டு. முதல் மூன்று வாரம் திருவிழா மாதிரி போகும். பிறகு ஒருநாள் காரணமே இல்லாமல் அழுகை முட்டும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி நேரமாக இருந்த வித்தியாசம் நாலரை ஆகிவிடும். டிசம்பரில் நாலு, நாலரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். ஏற்காட்டுப் பிள்ளைக்குக் குளிரும் பனிமூட்டமும் புதிதல்ல. இந்த இருட்டு புதிது. அது பருவத்தின் வேலை என்று தெரியாமல், நான்தான் லாயக்கில்லாதவள் என்று பிள்ளைகள் தங்களையே நொந்துகொள்கிறார்கள். வெளிச்சம் இருக்கும்போதே வெளியே இறங்கி நட. தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் சரியாகவில்லை என்றால் பல்கலைக்கழக மாணவர் நல அமைப்பின் ஆலோசகரைப் போய்ப் பார். அதற்காகத்தான் அவர்களை வைத்திருக்கிறார்கள். போவதில் ஒரு வெட்கமும் இல்லை.

ஊர் பழகுவதைப் பற்றிப் பேச எங்கள் மலைக்கு உரிமை உண்டு, இது வந்தவர்களால் ஆன மலை. இங்கே நெடுங்காலமாக வாழும் மலையாளிப் பழங்குடி மக்களே, தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகத்தான் கதை சொல்கிறார்கள். காப்பியை 1820-இல் சேலம் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தார். அதற்கு நிழல் கொடுக்கும் சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் மரம்.

ஆனால் பேத்தியை நான் அழைத்துப்போய் நிறுத்தியது தூய திரித்துவ ஆலயத்தில், ராபர்ட் ப்ரூஸ் ஃபூட்டின் நினைவுக் கல் முன்னால். 1858-இல் புவியியல் ஆய்வுத் துறைக்காக இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் அவர். வந்து ஐந்து வருஷம் நிறையவில்லை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் சரளை தோண்டிய ஒரு குழியில் கிடந்த கல்லைக் குனிந்து எடுத்தார். மனிதன் கையால் செதுக்கிய கோடரி அது. இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்கு முதல் சான்று. அந்தக் குழியில் எத்தனையோ பேர் மண் அள்ளியிருப்பார்கள், அது எத்தனை பேர் காலில் இடறியிருக்கும். நமக்குக் கல், புதிதாக வந்தவருக்குக் கேள்வி. ஓய்வுக்காலத்தில் அவர் ஏற்காட்டில் குடியிருந்தார். 1912-இல் காலமானார்.

அவருடைய மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்துக்கு மதப்பணியாக வந்தவர். ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு வேதாகமத்தைத் தமிழாக்கினார். அதைவிட என்னைக் கவர்ந்தது அவருடைய பழமொழித் திரட்டு. தெருவிலும் திண்ணையிலும் சனங்கள் பேசியதைக் காதுகொடுத்துக் கேட்டு, 1874-இல் வெளிவந்த பதிப்பில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பழமொழிகளைச் சேர்த்துவிட்டார். அவரும் 1882-இல் ஏற்காட்டில்தான் கண்ணை மூடினார்.

இருவரும் ஆளும் இனத்தவராக வந்தவர்கள். போன இடமெல்லாம் கதவு திறந்தது. என் பேத்தி வரிசையில் நின்று விசா வாங்கிப் போகிறவள். அந்த வித்தியாசம் சின்னதல்ல. ஆனாலும் மருமகன் தரையைப் பார்த்ததும் மாமனார் பேச்சைக் கேட்டதும் எந்த அதிகாரமும் இல்லாமல் யாரும் செய்யக்கூடியவை.

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் கடைகள் அடைத்திருக்கும். சலித்துக்கொள்ளாதே. கடை இல்லாத நாளில் அந்தச் சனங்கள் எங்கே போகிறார்கள், என்ன செய்கிறார்கள் என்று போய்ப் பார். குளிர்காலத்திலும் அவர்கள் ஜன்னலை அகலத் திறந்து சில நிமிஷம் வைத்து மூடுவார்கள். கிறுக்குத்தனம் என்று தோன்றும். மூடிய அறையில் நீ சாம்பார் கொதிக்கவிட்டால் ஆவி சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும், முன்பணத்தில் பிடித்தம் விழும். ரொட்டியை ஒரே கடையில் வாங்கு, ஒரே வேளையில் போ. உடைந்த ஜெர்மனில் இரண்டு வார்த்தை பேசு. கடைக்கார அம்மா உன் முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே எடுத்துவைக்கும் நாள் வரும். படிப்புச் சான்றிதழில் அது ஏறாது. ஆனால் அன்றைக்குத்தான் நீ அந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்திருப்பாய்.

பெரிய நகரமென்றால் ஈழத் தமிழர் கடை இருக்கும். கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் கிடைக்கும். தாராளமாகப் போ. 1983-க்குப் பிறகு எல்லாவற்றையும் இழந்து வந்து அங்கே காலூன்றியவர்கள் அவர்கள். அவர்கள் கதையைக் கேட்டாலே நெஞ்சுரம் வரும். ஆனால் எல்லா மாலையும் தமிழ்ப் பேச்சிலேயே கழிந்துவிடாமல் பார்த்துக்கொள்.

பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ராத்திரி எட்டு மணிக்கு வேலையெல்லாம் முடித்துவிட்டு நாம் வீடியோவில் கூப்பிடுகிறோம். குளிர்காலத்தில் அப்போது அங்கே பிற்பகல் மூன்றரை. பிள்ளைக்கு அன்றைய வெளிச்சத்தில் மிச்சமிருப்பதே அந்தக் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் அறைக்குள் உட்காரவைத்து, சாப்பிட்டியா, சொட்டர் போட்டியா என்று கேட்டுக்கொண்டிருப்பது அவளை இங்கேயே கட்டிவைப்பதுதான். ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பேசலாம், அங்கே காலை ஒன்பதரை, அவசரமில்லாத பொழுது என்று மருமகளிடம் சொன்னேன். அவள் முகம் வாடிவிட்டது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "புதன்கிழமையும் பேசறங்க மாமா" என்றாள். சரி என்றேன்.