விழுவதற்கு முன்பே பேச வேண்டியது

ஏழாம் வருடம் காய்க்கப் போகும் நெட்டைத் தென்னைக்கு இன்றைக்கே மூன்றடி குழி எடுக்கிறார் விவசாயி. அதே மனிதர், எழுபத்தைந்து வயதில் தன்னைக் கட்டிலிலிருந்து யார் எழுப்பி உட்காரவைப்பார்கள் என்று ஒரு நாளும் கணக்குப் போடுவதில்லை. பேச்சை எடுத்தாலே, "நல்ல நாளும் அதுவுமா அதை ஏன் பேசறீங்க" என்று வீட்டில் அடக்கிவிடுவார்கள்.

கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளை. மூன்று ஏக்கர், கிணற்றுப் பாசனம், இரண்டு கறவை மாடு. பெரியவருக்கு 72 வயது, அவர் மனைவிக்கு 66. மாட்டுக் கொட்டகையின் ஈரத் தரையில் வழுக்கி விழுந்து பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை காப்பீட்டில் முடிந்துவிட்டது. சிரமம் வீடு திரும்பிய பிறகுதான். கழிப்பறை வெளியே கிணற்றோரம், குத்துக்காலிட்டு உட்காரும் வகை. வாசலில் உயரமான திண்ணை. மகன் பெங்களூரில், மகள் திருப்பூரில்.

"கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் இங்க வந்துருங்கம்மா" என்றாள் மகள்.

"மாட்ட யாரு கண்ணு பாக்கறது?" என்றார் அம்மா.

சம்பளத்துக்கு ஆள் அனுப்பும் இடம் ஒன்றை விசாரித்தார்கள். பஸ் போகாத தோட்டத்தில் இரவு தங்க யாரும் வரமாட்டார்கள் என்று கைவிரித்துவிட்டார்கள். மூட்டு வலியோடு மூன்று வாரம் கணவரைத் தூக்கி இறக்கிய அம்மா, கடைசியில் மாடுகளை விற்றார். அவசரத்துக்கு விற்கிறார்கள் என்று தெரிந்த வியாபாரி என்ன விலை கேட்பார் என்பதை மாடு வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதில் பாதிச் சிரமம் ஐந்து வருடம் முன்பே தீர்த்திருக்கக்கூடியது. விவசாயக் குடும்பத்தில் உடம்பைப் பார்த்துக்கொள்ளும் யோசனையும் தோட்டத்தை நடத்தும் யோசனையும் வேறுவேறு இல்லை. தினமும் இரண்டு வேளை பால் கறக்கவும், பசுந்தீவனம் அறுக்கவும் ஆள் தேவைப்படும் தோட்டத்தில், படுத்தவரைக் கவனிக்க அந்த ஆளுக்கு நேரம் எங்கே இருக்கும்? அறுபத்தைந்து தாண்டியதும் மஞ்சள் மாதிரி வெட்டி, வேகவைத்து, காயப்போடும் பயிர்களைக் குறைத்துக்கொண்டு, சொட்டுநீரோடு தென்னைக்கு மாறலாம். மோட்டாருக்கு செல்போன் ஸ்டார்ட்டர் வைத்தால் இருட்டில் கிணற்றடிக்கு நடக்க வேண்டாம். மாட்டை நல்ல விலை கிடைக்கும்போதே ஒன்றாகக் குறைக்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிட்டு உட்காருவதும் நல்லதல்ல. இரண்டு வெள்ளாடு இருந்தால் கால் நடமாட்டத்தில் இருக்கும்.

வீட்டு வேலையைக் கையில் காசு இருக்கும் அறுவடை சமயத்தில் செய்துவிட வேண்டும். வீட்டை ஒட்டி மேற்கத்திய கழிப்பறை, அதன் சுவரில் பிடித்து எழும்பக் கம்பி, வழுக்காத தரை, இரவு விளக்கு. சக்கர நாற்காலி நுழைய வாசல் மூன்றடி அகலம் இருப்பது நல்லது. படிக்குப் பதில் சாய்தளம் போடுகிறவர்கள் ஒரு அங்குல உயரத்துக்கு ஓரடி நீளம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஒன்றரை அடித் திண்ணை என்றால் 18 அடி. கொத்தனார்கள் ஆறடியில் முடித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதில் நாற்காலியைத் தள்ள இளவட்டம்தான் வேண்டும்.

ஆள் விஷயம் இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டியது. களையெடுக்க வருகிற பெண்களில் பொறுமையான ஒருவரை, உடம்பு நன்றாக இருக்கும்போதே வாரத்தில் இரண்டு நாள் வீட்டு வேலைக்கு வரச்சொல்லிப் பழக்கப்படுத்தலாம். ஒத்தாசை என்று சொல்லிச் சாப்பாடும் பழைய சேலையும் கொடுத்து அனுப்பினால் நிலைக்காது. கூலியைப் பேசி மாதாமாதம் கொடுக்க வேண்டும். அதில் மகன் எவ்வளவு, மகள் எவ்வளவு என்பதையும் பொங்கலுக்கு எல்லோரும் கூடியிருக்கும்போது பேசிவிடலாம்.

அரசு வழியில் கிடைப்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கு வருகின்றன. இயன்முறை சிகிச்சையும், படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி தணிக்கும் கவனிப்பும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிய வேண்டும். 70 வயதானவர்களுக்கு வருமான வரம்பின்றி ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் மத்திய அரசுக் காப்பீடு இருக்கிறது. ஆனால் அது மருத்துவமனையில் சேர்ந்தால்தான். வீட்டில் குளிப்பாட்டிவிட வருகிறவருக்குக் கூலி தராது. முதியோர் உதவி எண் 14567.

கடைசியாக நிலம். "இருக்கும்போதே எழுதி வெச்சுட்டா நிம்மதி" என்று செட்டில்மெண்ட் எழுதிக்கொடுத்துவிட்டு, பிறகு ஆயிரம் ரூபாய்க்கும் மகன் முகத்தைப் பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். உயில் இறந்த பிறகுதான் நடப்புக்கு வரும். மனம் மாறினால் மாற்றிக்கொள்ளலாம். செட்டில்மெண்ட் அப்படியல்ல, பதிவானதும் நிலம் கைமாறிவிடும். அதைத்தான் எழுதுவது என்று முடிவானால், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுத வேண்டும். நிபந்தனை மீறப்பட்டால் 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழியிருக்கிறது. கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும்.

விளைச்சலை அனுபவிக்கும் உரிமையை ஆயுள்வரை வைத்துக்கொண்டும் எழுதலாம். இதில் பலரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு. பெரும்பாலான வீடுகளில் கணவரைக் கடைசிவரை பார்த்துக்கொள்வது மனைவி. அவர் வயதில் இளையவர், அவர் முறை பிறகு வரும். நிலம் கணவர் பெயரில் இருக்கும், உரிமையும் 'என் ஆயுள்வரை' என்று எழுதப்பட்டு அவரோடு போய்விடும். கையெழுத்துப் போடும் முன், 'எங்கள் இருவர் ஆயுள்வரை' என்று அதில் இருக்கிறதா என்று பத்திர எழுத்தரை ஒரு முறை வாசிக்கச் சொல்லி, அந்த அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்.