செருப்பு போன திசை

அம்பத்தூர்வாசிகளுக்கு ஏரி உண்டு, சமுத்திரம் கிடையாது. சமுத்திர தரிசனம் வேண்டுமானால் மின்சார ரயிலேறிச் சென்ட்ரலில் இறங்கி மெரீனாவுக்குப் போக வேண்டும். சென்ற பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் பேத்தியுடன் அவ்விதம் புறப்பட்டோம். போகும்போது அவள் காலில் இரண்டு செருப்புகள் இருந்தன. திரும்பும்போது ஒன்றுதான் இருந்தது. மற்றதைச் சமுத்திரராஜன் காணிக்கையாக ஏற்றுக்கொண்டு விட்டான்.

அது மிதந்து போவதைக் கண்ட மீனவப் பெரியவர் ஒருவர், "இந்த மாசத்துல நீரோட்டம் வடக்கே ஐயா, காசிமேட்டுப் பக்கம் போய்த் தேடுங்க. ஐப்பசியா இருந்தா தெற்கே போயிருக்கும்" என்றார்.

"கடலுக்குள்ளே தண்ணீர் ஏன் ஓடுகிறது, தாத்தா?" என்று கேட்டாள் பேத்தி.

"காற்று தள்ளுகிறது" என்று சற்றும் தயங்காமல் விடையளித்தோம்.

வீடு திரும்பிய பிறகுதான் சந்தேகம் பிறந்தது. தென்மேற்குப் பருவக்காற்று வைகாசி பாதிக்கு மேல்தானே வரும்? பங்குனியில் நீரோட்டம் எதை நம்பி வடக்கே ஓடுகிறது? குழந்தைக்குப் பாதி விடை சொல்லிவிட்டோமே என்று வெட்கமடைந்து, புத்தகங்களைப் புரட்டினோம்.

நாம் சொன்னது பொய்யன்று. ஆனால் நம் கரையில் வீசும் காற்று மட்டும் போதாது. வங்காள விரிகுடா முழுவதிலும் வீசும் காற்றும், பூமத்திய ரேகையருகே வீசும் காற்றும் சேர்ந்தே அந்தக் கடலைச் சுழற்றுகின்றன. பங்குனி, சித்திரையில் விரிகுடாவின் மேல்நீர் பிரதட்சிணமாகச் சுற்றுகிறது. ஆகவே மேற்கு ஓரமாகிய நம் கரையில் அது வடக்கு நோக்கி ஓடுகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை அப்பிரதட்சிணம். நீரோட்டம் தெற்கே திரும்புகிறது. பூமி தன்னைத் தானே சுற்றுவதால், வடபாதியில் ஓடும் நீர் வலப்புறம் ஒதுங்குகிறது, தென்பாதியில் இடப்புறம். இத்தகைய பெருஞ்சுழல்களின் மேற்கு ஓரத்தில் வேகம் மிகுவதற்கும் பூமியின் சுழற்சியே காரணம். பருவத்துக்குப் பருவம் இப்படித் திசை மாறும் நீரோட்டங்களுக்கு நம் இந்து மகாசமுத்திரத்தின் வடபகுதி உலகப் பிரசித்தி பெற்றது.

இன்னொரு காரணம் உப்பும் உஷ்ணமும். இதைப் பேத்திக்கு விளக்க, ஆறிய காப்பி டிகாக்ஷனில் உப்பைக் கரைத்து, கண்ணாடித் தம்ளரிலிருந்த தண்ணீரில் ஓரமாக மெதுவாய் ஊற்றினோம். அது நேரே அடியில் போய்த் தங்கியது. டிகாக்ஷன் வீணானது பற்றி வீட்டு அம்மாள் கூறியதை இங்கே எழுத வேண்டியதில்லை. துருவப் பிரதேசங்களில் குளிர்ந்து கனத்த உப்புநீர் இவ்வாறே ஆழத்துக்கு இறங்கி, உலகக் கடல்களைச் சுற்றி வர ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீரோ இலேசானது. மேலே மிதந்தபடி, மழைக்காலத்து நீரோட்டத்துடன் நம் கரையோரமாகத் தெற்கே வருகிறது. காசிக்குப் போகாதவர்களுக்கும் கங்கை இவ்விதம் வாசலுக்கு வருகிறாள்!

ஆனால் நாம் கடலுக்கு அனுப்புவது என்ன? ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் இடையே ஓடும் கூவம், நேப்பியர் பாலத்தருகே கடலில் கலக்கிறது. இங்கே பாலத்தின் மீதிருந்து நாம் வீசும் பிளாஸ்டிக் பை மழை வெள்ளத்தில் அங்கே போய்ச் சேர்கிறது. பிறகு அது யார் கரையில் ஒதுங்கும் என்பதைக் காற்றும் நீரோட்டமும் அலையும் தீர்மானிக்கின்றன. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதின. கசிந்த எண்ணெய் மோதிய இடத்திலேயே நிற்கவில்லை. திருவொற்றியூர்க் கரையைக் கறுப்பாக்கி, தெற்கே மெரீனா வரை வந்தது. மோதியவர் வேறு, கறுத்த கரையை வாளி வாளியாக அள்ளியவர் வேறு.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட பேத்தி, மிஞ்சிய ஒற்றைச் செருப்பைப் பத்திரமாக அலமாரியில் வைத்தாள்.

"எதற்கு அம்மா அது?" என்றோம்.

"ஐப்பசியில் நீரோட்டம் திரும்பும் அல்லவா, தாத்தா? அப்போது என் செருப்பும் திரும்பி வரும்."

வருமோ, வராதோ! ஆனால் நாம் கூவத்தில் எறிந்தவை அனைத்தும் அதனுடன் கூடத் திரும்பி வந்தால் எங்கே வைப்பது? நம் வீட்டு அலமாரி போதாது.