ஆளுயரத்துக்கு வந்த டிராக்டர்

ஜூன் 4

இன்று ஒரு ரோட்டவேட்டருக்குப் பிளேடு மாற்றினேன். 24 பிளேடு, பிளேடுக்கு இரண்டு போல்ட், ஆக 48 நட்டு. ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த வண்டி. நட்டுகளைச் சுற்றி மண் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. பாதி வேலையைக் குத்தவைத்தபடி செய்தேன், மீதியை ஒருக்களித்துப் படுத்தபடி. முடித்துவிட்டு எழப் பார்த்தால் இடுப்பு எழவில்லை. மட்கார்டில் கையை ஊன்றி, ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டிப் பார்த்தும் முடியாமல், கடைசியில் பையன் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டான்.

"என்னண்ணே, மறுபடியுமா?" என்றான்.

அவனுக்கு 19 வயது. என்னிடம் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. என்னைத் தூக்கிவிட்டுத் திரும்பியவன், தன் இடுப்பில் இரண்டு கையையும் வைத்துப் பின்பக்கம் வளைந்து ஒரு நெட்டி முறித்தான். அதைப் பார்த்த பிறகு மதியச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை. அந்த வயதில் நானும் அப்படித்தான் நெட்டி முறித்தேன். அப்போது அது சுகமாக இருந்தது.

ஜூன் 7

தேனிக்குப் போய் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணைப் பார்த்தேன். படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார், குனியச் சொன்னார், விரலால் முதுகெலும்பை ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டு வந்தார். பிறகு என் தொழிலைக் கேட்டுவிட்டு, எனக்குப் புரிகிற பாஷையிலேயே சொன்னார்.

"கடப்பாரையை நெம்புகோலா வச்சு கல்லைப் புரட்டுவீங்கல்ல? உங்க இடுப்பும் அப்படித்தான், ஆனா தலைகீழா."

ஒரு தாளில் வரைந்தும் காட்டினார். இடுப்புக்கு மேலே உள்ள உடம்பு ஏறக்குறைய 35 கிலோ. குனியும்போது அந்தப் பாரம் இடுப்பு மூட்டிலிருந்து 25 சென்டிமீட்டர் முன்னால் போய் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிற முதுகுத் தசை, எலும்பின் நடுவிலிருந்து வெறும் 5 சென்டிமீட்டர் தள்ளித்தான் இருக்கிறது. ஆக, தசை ஐந்து மடங்கு இழுக்க வேண்டும்: 175 கிலோ. கையில் ஸ்பேனர்கூட இல்லாமல், சும்மா குனிந்து நிற்பதற்கே இந்தக் கணக்கு. அந்த இழுவை முழுவதும் டிஸ்க்கின்மேல் அழுத்தமாக இறங்குகிறது.

பத்துப் பன்னிரண்டு வருஷமாக நான் தப்பாகப் பயந்திருக்கிறேன். கியர்பாக்ஸ் தூக்கினால் முதுகு போய்விடும் என்று நினைத்து, அதற்கு மட்டும் நாலு பேரைக் கூப்பிடுவேன். கியர்பாக்ஸ் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும். ஆயில் வடிக்க, பிளேடு மாற்ற, பிரேக் ராடு சரிபார்க்க என்று தினமும் மூன்று நான்கு மணி நேரம் குனிந்து கிடந்ததை ஒரு வேலையாகவே நான் கணக்கில் வைத்ததில்லை.

ஜூன் 15

பெரிய டிராக்டர் பார்க்கிற மெக்கானிக்குகளைவிட என்னைப் போன்றவர்களுக்குத்தான் இடுப்பு சீக்கிரம் போகிறது. ஏனென்று இன்றைக்கு உட்கார்ந்து யோசித்தேன்.

கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சையைப் பந்தலில்தான் ஏற்றுகிறார்கள். பந்தல் ஆள் உயரம்தான் இருக்கும். 45 எச்.பி. வண்டி அதற்குள் நுழைந்தால் கொடியும் போகும், கம்பியும் போகும். அதனால் இங்கே வருவதெல்லாம் பவர் டில்லரும் குட்டி டிராக்டரும். மஹிந்திரா யுவராஜ் 215 என்றால் 15 எச்.பி., எடை 780 கிலோ. 2021-இல் வந்த ஸ்வராஜ் கோடு அதைவிடச் சின்னது: 11 எச்.பி., 455 கிலோ. தோட்டக்காரர்களுக்கு இவை வரப்பிரசாதம். ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் நடுவே சுலபமாகப் புகுந்து வரும்.

வண்டி சின்னதாக ஆக, அதன் வயிறும் தரைக்கு நெருங்கிவிடுகிறது. பெரிய டிராக்டருக்கு அடியில் ஆள் உட்காரலாம், முழங்கையை வீசி ஸ்பேனரைத் திருப்பலாம். குட்டி டிராக்டரின் வயிற்றுக்கும் தரைக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. மல்லாந்து படுத்தால் மூக்குக்கு மேலே இரும்பு, ஸ்பேனர் கால் சுற்றுக்கூடத் திரும்பாது. அதனால் பக்கவாட்டில் குனிந்து, உடம்பைத் திருகிக்கொண்டு கையை உள்ளே விடுகிறோம். குனிவதும் திருகுவதும் சேர்ந்தால் டிஸ்க்குக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை என்று தேனியில் சொன்னார்கள்.

வண்டி கீழே இருக்கிறது என்பதற்காக ஆள் கீழே போக வேண்டும் என்று யார் விதித்தார்கள்?

ஜூன் 23

குழி வெட்டலாமா என்று கேட்டதற்கு இடத்துக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மறுத்தது நல்லதுக்குத்தான். மழைக்காலத்தில் குழியில் தண்ணீர் நிற்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், குழிக்குள் இறங்கித் தங்கிவிடும், ஒரு தீப்பொறி போதும். போதாததற்கு, குழியில் நின்று வேலை பார்த்தால் முதுகு தப்பிக்கும், கழுத்து மாட்டிக்கொள்ளும்.

பைக் ஷோரூம்களில் இருக்கிற ஹைட்ராலிக் ராம்ப்பையும் போய்ப் பார்த்தேன். இரண்டு சக்கரத்துக்குச் செய்தது, பலகையின் அகலம் இரண்டடிக்குச் சற்று மேலேதான். "ரெண்டு பக்கமும் பிளேட் வெல்டு பண்ணி அகலப்படுத்திக்கலாம்ணே" என்று வெல்டிங் பட்டறைக்காரர் சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். பலகையை அகலப்படுத்தினாலும் கீழே கால் அகலமாகாது. டிராக்டரின் பாரம் ஓரத்துக்கு வந்தால் மொத்தமும் சாயும்.

ஜூலை 8

கோயம்புத்தூர். மூடிய மில் ஒன்றின் சாமான்களை விற்கிற இடத்தில் ஒரு கத்தரி லிஃப்ட் கிடைத்தது. நூல் மூட்டைகளை லாரி உயரத்துக்குத் தூக்கியது. பலகை 7 அடிக்கு 4 அடி, தாங்கும் எடை 1 டன், தாழ்ந்தால் 8 அங்குலம், உயர்ந்தால் மூன்றடிக்கு மேல். வீட்டுக்காரி மகளிர் குழுவில் எடுத்துக் கொடுத்த கடன்தான் பணம். "தண்டுவட ஆபரேஷனுக்குக் குடுக்கிறதுக்கு இதுக்குக் குடுக்கலாம்" என்றாள். என்னைவிட அவள் முன்பே முடிவு செய்துவிட்டாள் என்று தோன்றியது. இத்தனை வருஷம் ராத்திரியில் என் இடுப்புக்குத் தைலம் தேய்த்தவள் அவள்தானே.

காரைத் தூக்குகிற ஹைட்ராலிக் லிஃப்ட்டை 1925-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி என்பவர் உருவாக்கினார். முடிவெட்டுகிற கடையின் நாற்காலியைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்தது என்பார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சலூன்காரர் காலால் மிதிக்கிறார், நாற்காலி உயர்கிறது, நம் தலை அவர் கைக்கு நேராக வருகிறது. சின்ன வயதிலிருந்து நான் ஏறி உட்கார்ந்த நாற்காலி. எனக்கு அது தோன்றவில்லை.

ஜூலை 13

லிஃப்ட்டைப் பொருத்தியாகிவிட்டது. டிராக்டரை ஏற்றுவதற்கு முன்னால் பக்கத்துக் கடையிலிருந்து 20 மூட்டை சிமெண்ட்டைக் கடனாக வாங்கி அடுக்கினேன். மூட்டைக்கு 50 கிலோ, மொத்தம் சரியாக 1 டன். மூன்றடி உயர்த்தி, அடியில் பாதுகாப்புக் கம்பி போடாமல், வால்வை மட்டும் மூடிவிட்டு, யாரும் கிட்டே வராதபடி கயிறு கட்டினேன். ராத்திரி முழுக்க அப்படியே நிற்க விட்டேன்.

காலையில் டேப்பை வைத்து அளந்தபோது ஒன்றரை அங்குலம் இறங்கியிருந்தது.

பையன் பதறினான். "ஏமாத்திட்டாங்கண்ணே." இல்லை. பழைய சிலிண்டரில் சீல் கொஞ்சம் தேய்ந்திருக்கும், ஆயில் சொட்டுச் சொட்டாகப் பின்வாங்கும். அதை மாற்றிவிடலாம். ஆனால் புது சீல் போட்டாலும் சரி, ஆயிலை நம்பி ஒருவன் இரும்புக்கு அடியில் கை விடக் கூடாது. ஆயில் தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்குக் கம்பி. கத்தரிக் கால்களுக்குக் குறுக்கே போகிற அந்தக் கம்பிக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். கம்பி மாட்டாமல் அடியில் தலையை விட்டால் அன்றைக்குச் சம்பளம் கிடையாது என்று பையனிடம் சொன்னேன். அந்த விதி எனக்கும் உண்டு.

ஜூலை 20

ஆடிக் காற்று தகரக் கூரையைப் பிய்த்துவிடும் போல அடித்தது. முதல் வண்டியை இன்று ஏற்றினோம்.

சரிவுப் பலகையில் ஓட்டி ஏற்றவில்லை. நியூட்ரலில் வைத்து, முன்னால் கை வின்ச்சால் அங்குலம் அங்குலமாக இழுத்தோம். டிராக்டருக்குப் பாரம் பின்பக்கம்தான் அதிகம். அதனால் பின் அச்சு பலகையின் ஓரத்துக்குப் போய்விடாமல், நடுவுக்குச் சற்றுப் பின்னால் நிற்கும்படி பார்த்துக்கொண்டேன். நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. இரண்டு பக்கமும் பெல்ட். ரோட்டவேட்டரைக் கழற்றித் தனியே வைத்தாயிற்று. பிறகு மிதித்தேன். கைமாற்றிப் பையன் மிதித்தான். கம்பி மாட்டினோம்.

டிராக்டரின் வயிறு என் நெஞ்சுக்கு நேராக நின்றது.

இந்த வண்டியை நான் ஏழெட்டு முறை பழுது பார்த்திருக்கிறேன். ஆனால் இன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். இதுவரைக்கும் விரலால் தடவித்தான் எனக்கு அதன் அடிப்பாகம் தெரியும். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு பார்த்ததெல்லாம் ஒரு கையகலம். இன்று பகல் வெளிச்சத்தில் கிளட்ச் உறையில் ஒரு மயிரிழை விரிசல் கண்ணில் பட்டது. எத்தனை நாளாக இருந்ததோ. ஆயில் வடிக்கிற நட்டின் முனைகள் மழுங்கியிருந்தன, யாரோ குருட்டாம்போக்கில் ஸ்பேனர் போட்டிருக்கிறார்கள். அந்த யாரோ நான்தான். படுத்துக்கொண்டு போட்ட ஸ்பேனர் நேராக உட்காராது, சறுக்கும். இத்தனை நாள் அதை நட்டின் குற்றமாக எண்ணியிருந்தேன்.

உயரத்தையும் நாங்களாகப் பழகிக் கண்டுபிடித்தோம். இறுகிய நட்டைத் தளர்த்த முழங்கைக்கு ஒரு சாண் கீழே இருந்தால் உடம்பின் பாரத்தையும் சேர்த்து அழுத்த முடிகிறது. சின்ன ஸ்க்ரூவும் கேபிளும் என்றால் முழங்கைக்குச் சற்று மேலே வேண்டும், இல்லாவிட்டால் கண் கிட்டே போகக் கழுத்து வளைகிறது. பையன் என்னைவிட அரை அடி உயரம். அவன் வேலை பார்க்கும்போது இன்னும் இரண்டு முறை மிதித்து ஏற்றிக்கொள்கிறான்.

ஹாரி ஃபெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர்தான் டிராக்டருக்குப் பின்னால் ஹைட்ராலிக் கைகளை வைத்தவர். 1926-இல் அதற்குப் பேட்டண்ட். 1936-இல் அந்த ஏற்பாட்டோடு வண்டி விற்பனைக்கு வந்தது. அவர் பெயரைச் சுமந்த மாஸி ஃபெர்குசனோடு சேர்ந்துதான் சென்னையில் 1960-இல் டாஃபே தொடங்கியது. உழவர் இறங்கி வந்து கலப்பையைத் தூக்க வேண்டாம், உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு லீவரைத் தொட்டால் போதும் என்று ஆனது அவரால். இன்றைக்கு என் தலைக்கு நேரே அந்தக் கைகள் மடங்கி நின்றன. உழுகிறவரின் முதுகுக்காக ஒருவர் இவ்வளவு யோசித்திருக்கிறார். அந்தக் கைகளைப் பழுது பார்க்கிறவனும் தன் முதுகைப் பற்றிக் கொஞ்சம் யோசிக்கலாம்.

ஆகஸ்ட் 3

கிளட்ச் பிளேட் வேலை. இதற்கு வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இதை லிஃப்ட்டில் செய்யவில்லை. பிரித்ததும் என்ஜின் ஒரு பக்கம் போகும், கியர்பாக்ஸ் ஒரு பக்கம் நிற்கும், பாரத்தின் நடு எங்கே போகும் என்று சொல்ல முடியாது. தரையில் ஸ்டாண்ட் கொடுத்து, மேலே கர்டரில் தொங்குகிற செயின் பிளாக்கில் என்ஜினைப் பிடித்துக்கொண்டு, பழையபடிதான் செய்தேன். லிஃப்ட் வந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் அதில் ஏற்றக் கூடாது.

ஆகஸ்ட் 19

வலி போய்விடவில்லை. காலையில் பல் தேய்க்கக் குனியும்போது இன்னும் பிடிக்கிறது. தேய்ந்தது தேய்ந்ததுதான். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்க முடிகிறது. பையன் நெட்டி முறித்து நான் பார்த்துப் பல நாள் ஆகிறது.

செப்டம்பர் 2

மேஸ்திரி வந்தார்.

நான் தொழில் பழகியது அவரிடம். உத்தமபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். 40 வருஷம் தரையில் சாக்கு விரித்துக் கிடந்த உடம்பு. இப்போது நடக்கும்போது தரையைத்தான் பார்க்கிறார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்க அவர் ஒரு பக்கமாகக் கழுத்தைச் சாய்க்க வேண்டும். பட்டறையை விட்டுப் போனபின் எந்த வண்டிக்கும் பக்கத்தில் அவர் போனதில்லை.

லிஃப்ட்டைச் சுற்றி ஒரு முறை மெல்ல நடந்தார். எதுவும் சொல்லவில்லை. பிறகு சிவப்புக் கம்பியைத் தட்டிப் பார்த்தார்.

"இதைக் கழட்டு. கொஞ்சம் எறக்கு."

கம்பியை எடுத்து, வால்வைத் திறந்து இறக்கினேன். "இன்னும்" என்றார். "இன்னும் கொஞ்சம்." அவர் வளைந்து நிற்கிற உயரத்துக்கு, அவர் கண்ணுக்கு நேராக வண்டியின் வயிறு வந்ததும் கையைக் காட்டினார். அந்த உயரத்தில் கம்பியை மாட்டினேன். பையன் ஓடிப்போய்ச் சுத்தமான துணியும் 19-ஆம் நம்பர் ரிங் ஸ்பேனரும் கொண்டுவந்து, கேட்காமலே அவர் கையில் கொடுத்தான்.

ஆயில் நட்டை ஒரு சுற்று தளர்த்தி, மறுபடி இறுக்கினார். ஸ்பேனர் சறுக்கவில்லை. பிறகு பின் அச்சின் ஓரத்தை விரலால் தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனார்.

"சீல் கசியுதுடா. நீ பாக்கலையா?"

பார்க்கவில்லை. நாளைக்குச் சின்னமனூர் போய் சீல் வாங்க வேண்டும். மேஸ்திரியும் வருகிறேன் என்றிருக்கிறார்.