எந்தப் பக்கம் ஜெல்லி?

இரண்டு பிரட் துண்டு, பீனட் பட்டர், ஜெல்லி. இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்கிறீர்களா? அமெரிக்கர்களிடம் கேட்டுப் பாருங்கள்! வழவழவென்று இருக்க வேண்டுமா, கடலைத் துணுக்கு கடிபட வேண்டுமா? திராட்சையா, ஸ்ட்ராபெர்ரியா? ஓரத்தை வெட்டலாமா? 1901-ல் பாஸ்டன் சமையல் பத்திரிகை ஒன்றில் இதன் செய்முறையை எழுதிய ஜூலியா டேவிஸ் சாண்ட்லர் சொன்னதோ கரன்ட் பழ ஜெல்லி (மின்சாரம் அல்ல!) அல்லது க்ராப் ஆப்பிள் ஜெல்லி.

அங்கே ஜெல்லி என்றால் வடிகட்டிய பழச்சாற்றில் செய்த ஜாம் மாதிரி. அதனால் பிரட் சீக்கிரம் ஊறிவிடும். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு துண்டிலும் பீனட் பட்டர் தடவி, நடுவில் ஜெல்லி வைப்பார்கள். பள்ளிக்கூட டப்பாவில் மதியம் வரை தாங்கும். ஒரு பக்கம் மட்டும் தடவுவது சுத்த சோம்பேறித்தனம்.

ஆனால் அந்த டப்பாவுக்கே இப்போது சிக்கல். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் துளி உள்ளே போனாலும் உயிருக்கே ஆபத்தாகலாம். பல பள்ளிகளில் கடலைக்குத் தடை. பதிலுக்குச் சூரியகாந்தி விதையை அரைத்துத் தடவுகிறார்கள். வாசனை வேறு, லேசான கசப்பு வேறு... ஜெல்லியைத்தான் கொஞ்சம் தாராளமாக வைக்க வேண்டியிருக்கிறது.